கேஷ்லெஸ் சிகிச்சை: அட்டை எடுப்பதிலிருந்து குறைதீர்ப்பாளர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில், அதாவது பில்லைக் காப்பீட்டுக் கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டும் கேஷ்லெஸ் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யும் இடத்தில், ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். ஒரு நாள் சாயங்காலம், மனைவிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜுக்கு நின்ற ஒருவர், கையில் செட்டில்மென்ட் கடிதத்தோடு வந்தார். வராந்தாவில் அவருடைய மனைவி வீல்சேரில், மடியில் பிளாஸ்க்கும் வயர் கூடையுமாக உட்கார்ந்திருந்தார். "சார், மூணு லட்சத்துக்குப் பாலிசி இருக்கு. பில்லே ஒண்ணே கால் லட்சத்துச் சொச்சம்தான். அப்புறம் நான் ஏன் 70,000 கட்டணும்?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதிலும் இருந்தது. ஆனால் அந்தப் பதில் அவருக்குப் பயன்பட்டிருக்க வேண்டிய நாள், நான்கு நாளுக்கு முன்னால் அட்மிஷன் கவுன்ட்டரில் ரூம் கேட்ட நாள். அவருடைய கணக்கைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம். சிகிச்சை கிடைப்பது, அது நல்ல சிகிச்சையாக இருப்பது, கையை மீறாத செலவில் முடிவது ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே தீர்மானமாகிவிடுகின்றன. ஆகவே கீழே சொல்லும் படிகளில் முதல் இரண்டை, வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடியுங்கள்.

படி 1: வீட்டில் என்னென்ன பாதுகாப்பு இருக்கிறது என்று எடுத்து வையுங்கள்

பல குடும்பங்களுக்குத் தங்களிடம் இருப்பதே தெரிவதில்லை. ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பின், 2012 ஜனவரியில் இந்தப் பெயரில் தொடங்கியது; 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலக வளாகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள்.

இதில் நான் அடிக்கடி பார்த்த சிக்கல் ஒன்று. இந்தத் திட்டத்தில் ஒருவர் குடும்ப உறுப்பினரா என்பதை ரேஷன் கார்டுதான் சொல்கிறது. கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருக்கும். மூன்று வயதுக் குழந்தை பெயர் எந்தக் கார்டிலும் இருக்காது. குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஓடுவார்கள். பெயர் சேர்ப்பதை இன்றே முடியுங்கள். இன்னொன்று: அரசு மருத்துவமனைக்குப் போனால் இந்த அட்டை தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளும் திட்டத்தில் இருக்கின்றன. நீங்கள் அட்டையைக் கொடுத்தால் காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்குப் போய்ச் சேரும். அங்கேயும் கொடுங்கள்.

அடுத்து இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள் என்றால் நீங்களும் குடும்பமும் அதில் இருக்கிறீர்கள். மருந்தகத்தில் ஆரம்பித்து, அங்கிருந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனை, தேவைப்பட்டால் அங்கிருந்து ஒப்பந்தத் தனியார் மருத்துவமனை என்று பரிந்துரைக் கடிதம் வழியாகத்தான் மேலே போக முடியும். பொறுமை வேண்டும், உண்மைதான். ஆனால் பெரிய வைத்தியத்துக்கு இதைவிடக் கைச்செலவு குறைந்த வழி சம்பளக்காரருக்கு வேறு இல்லை.

அப்புறம் கம்பெனி எடுத்துக் கொடுத்திருக்கும் குரூப் பாலிசி, நீங்களே எடுத்த பாலிசி. இரண்டும் இருந்தால் எதை முதலில் பயன்படுத்துவது என்பது உங்கள் விருப்பம். ஒன்றில் தொகை போதாமல் போனால் மிச்சத்தை அடுத்ததில் கேட்கலாம். கம்பெனிப் பாலிசி மட்டும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேலை போகும் அன்று அதுவும் போய்விடும். சிறியதாகவாவது சொந்தப் பாலிசி ஒன்று வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. எடுக்கப்பட்டுவிட்டது.

படி 2: பாலிசியில் நான்கு வரிகளை மட்டுமாவது படியுங்கள்

முழுப் புத்தகத்தையும் யாரும் படிக்கப் போவதில்லை. பென்சிலால் இந்த நான்கையும் அடிக்கோடிடுங்கள்: ரூம் வாடகை வரம்பு, கோ-பே, காத்திருப்புக் காலம், தனித்தனி நோய்களுக்கான உச்சவரம்பு.

இப்போது அந்த மனிதரின் கணக்கு. அவருடைய பாலிசித் தொகை 3 லட்சம். ரூம் வாடகை வரம்பு தினமும் அதில் 1 சதவீதம், அதாவது 3,000. ஆஸ்பத்திரியில் 6,000 ரூபாய் ரூம் எடுத்திருந்தார். நான்கு நாள். "கூட ஆகிற மூவாயிரத்தை நானே கட்டிக்கிறேன், மொத்தம் 12,000 தானே" என்பது அவர் போட்ட கணக்கு. நடந்தது வேறு. தகுதிக்கு மேல் எத்தனை மடங்கு ரூம் எடுக்கிறோமோ, அந்த விகிதத்தில் ரூமோடு சேர்ந்து வரும் செலவுகளையும் குறைப்பார்கள். சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங், டாக்டர் விசிட் எல்லாம் அதில் அடக்கம்.

பில் இப்படி இருந்தது. ரூம் 24,000. சர்ஜன், தியேட்டர் வகையறா 80,000. மருந்தும் பரிசோதனைகளும் 36,000. மொத்தம் 1,40,000. இன்ஷூரன்ஸ் கம்பெனி எல்லாவற்றையும் பாதியாக்கி 70,000 மட்டும் அனுமதித்திருந்தது. அங்கேதான் ஒரு தவறு இருந்தது. மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் எனப்படும் பயன்படுத்தி எறியும் பொருட்கள், உடம்பில் வைக்கும் இம்ப்ளான்ட், பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த விகிதக் குறைப்பு செய்யக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. ஐ.சி.யூ. கட்டணத்திலும் கூடாது. எந்த ரூம் எடுத்தாலும் சர்ஜன், தியேட்டர் கட்டணங்கள் மாறாத ஆஸ்பத்திரியாக இருந்தால், குறைப்பே கூடாது. இதைச் சுட்டிக்காட்டி மெயில் போட்டோம். மருந்து, பரிசோதனைக் கணக்கில் வெட்டிய 18,000 திரும்ப வந்தது. மீதி 52,000-ஐ அவர் கட்டத்தான் வேண்டியிருந்தது. அவருடைய மனைவி வளையல் ஒன்றைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து அவரிடம் கொடுத்ததை என் மேசையிலிருந்து பார்த்தேன்.

ஆகவே அட்மிஷன் கவுன்ட்டரில் உங்கள் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "என் பாலிசியில் ரூம் வாடகை இவ்வளவுதான், அதற்குள் இருக்கிற ரூம் கொடுங்கள்." சில பாலிசிகளில் நர்சிங் கட்டணமும் அந்த வரம்புக்குள்ளேயே வரும், அதையும் கேட்டுவிடுங்கள். தகுதியான ரூம் காலியில்லை என்றால், அதை எழுதி சீல் போட்டு வாங்கி வையுங்கள். பின்னால் வாதாட அது உதவும்.

கோ-பே என்றால் ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கு உங்களுடையது. எல்லாக் கம்பெனிகளும் விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் அது 5 சதவீதம். முதியவர்களுக்கான பாலிசிகளில் இதைவிடக் கூடுதலாக இருக்கும். காத்திருப்புக் காலம் பற்றி: பாலிசி எடுக்கும்போதே இருந்த நோய்களுக்கு அதிகபட்சம் 36 மாதம்தான் காக்க வைக்கலாம். 60 மாதம் இடைவிடாமல் பாலிசி நடந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, "நீங்கள் அப்போது சொல்லவில்லை" என்ற காரணத்தைக் கம்பெனி எடுக்க முடியாது. இரண்டும் 2024 முதல் இருக்கும் விதிகள். ஏஜென்ட் "சுகர் இருக்குன்னு எழுதாதீங்க, பிரீமியம் ஏறும்" என்று சொன்னால் கேட்காதீர்கள். உள்ளதை எழுதுங்கள்.

படி 3: ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பது

அவசரம் என்றால் தேர்வே கிடையாது, பக்கத்தில் இருப்பதுதான். நெஞ்சு வலி வந்தால், கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகளின் நெட்வொர்க் பட்டியலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் பக்கமாக இருந்தால் அங்கே போங்கள். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் உட்பட 14 மாத்திரைகளை அங்கேயே முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48'. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய திட்டம். முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். அட்டை இருக்கிறதா, எந்த ஊர்க்காரர் என்ற கேள்வியே இல்லை.

திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் நேரம் இருக்கிறது. முதலில், கம்பெனி சார்பில் கோரிக்கைகளைக் கையாளும் நிறுவனமான டி.பி.ஏ.வின் எண்ணுக்குப் போன் செய்து, ஆஸ்பத்திரியின் பெயரோடு கிளையையும் சொல்லி, நெட்வொர்க்கில் இன்றைக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். அண்ணா நகர்க் கிளை இருக்கும், தாம்பரம் கிளை இருக்காது. நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரியாக இருந்தாலும் கேஷ்லெஸ் கேட்கலாம் என்று 2024 ஜனவரியில் ஜெனரல் இன்ஷூரன்ஸ் கவுன்சில் அறிவித்தது. அதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். அவசர அட்மிஷன் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள். கம்பெனி ஒத்துக்கொண்டால்தான் நடக்கும் என்பதால், பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே படுக்கையில் படுங்கள்.

தரத்தை எப்படி அறிவது? வாசலில் இருக்கும் கண்ணாடியையும் கிரானைட்டையும் பார்த்து முடிவு செய்பவர்களை நிறையப் பார்த்தேன். மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்துத் தரும் என்.ஏ.பி.ஹெச். சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஒரு தொடக்கம். அதைவிட நல்ல வழி, நேராகக் கேட்பது. "டாக்டர், இந்த ஆபரேஷனை மாசத்துக்கு எத்தனை செய்வீங்க? ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா இங்கே யார் இருப்பாங்க? ரத்தம் தேவைப்பட்டா எங்கிருந்து வரும்?" நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்படுவதில்லை. முகம் சுளித்தால் அதுவே ஒரு தகவல். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத பெரிய ஆபரேஷனுக்கு இரண்டாவது கருத்து கேட்காமல் சம்மதிக்காதீர்கள். காசு இல்லை என்று இதைத் தவிர்க்கவும் வேண்டாம். ஸ்கேன் பிலிமை எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை புறநோயாளி பிரிவில் வரிசையில் நின்றால், அந்தத் துறையின் அனுபவசாலியைச் செலவில்லாமல் பார்த்துவிடலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்ட என் சித்தியை அப்படித்தான் அழைத்துப் போனோம். மாத்திரையில் சரியாயிற்று.

படி 4: முன் அனுமதிப் படிவம்

கேஷ்லெஸ் கேட்டு ஆஸ்பத்திரி கம்பெனிக்கு அனுப்பும் படிவம் இது. இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் மறுக்கப்படும் கோரிக்கைகளில் பெரும்பகுதி இங்கேதான் விதைக்கப்படுகிறது.

படிவத்தில் ஒரு பாதியை நீங்கள் நிரப்புவீர்கள், மறுபாதியை டாக்டர் நிரப்புவார். டாக்டர் பகுதியில் "இந்த நோய் எவ்வளவு நாளாக இருக்கிறது", "சர்க்கரை, ரத்த அழுத்தம் எத்தனை வருஷமாக" என்று கட்டங்கள் இருக்கும். கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் கேட்பார்: "எவ்வளவு வருஷமா சுகர்?" கூட வந்த மச்சினன் பதறிப்போய், "அது இருக்கும் சார், பத்து வருஷம்" என்பார். உண்மையில் நோயாளிக்குச் சர்க்கரை கண்டுபிடித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருக்கும். அந்தப் "பத்து வருஷம்" கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். பாலிசி எடுத்து நான்கு வருஷம்தான் ஆகிறது, அப்படியானால் மறைத்துவிட்டார்கள் என்று கம்பெனி முடிவு கட்டும். பிறகு அதைத் திருத்த, முதன்முதலில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தேடி வீட்டைக் கவிழ்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே நோயாளியின் வரலாற்றைத் தெரிந்த ஒருவரே டாக்டரிடம் பேச வேண்டும். தெரியாததை "தெரியாது" என்று சொல்லுங்கள், உத்தேசம் வேண்டாம். படிவம் போகும் முன் டெஸ்க்கில் உட்கார்ந்து ஒரு முறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மதிப்பீட்டுத் தொகை, ரூம் வகை, எத்தனை நாள் என்ற மூன்றையும் பாருங்கள். பத்து நிமிஷ வேலை.

முன் அனுமதிக் கோரிக்கை போன ஒரு மணி நேரத்துக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கை. கேள்விக் கடிதம் வந்தால், அதை டெஸ்க் பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். அந்தக் கடிதத்தை வாங்கி நீங்களே படியுங்கள். பழைய ரிப்போர்ட் கேட்டிருப்பார்கள், அது உங்கள் பீரோவில்தான் இருக்கும்.

முதலமைச்சர் திட்டத்தில் வழி சற்று வேறு. அங்கே நோய்க்கு ஒரு தொகுப்புக் கட்டணம் நிர்ணயமாகியிருக்கும், ரூம் கணக்கெல்லாம் இல்லை. அந்தத் தொகுப்புக்குள் வரும் எதற்கும் உங்களிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் ரசீது கேளுங்கள். 1800 425 3993 என்ற திட்டத்தின் கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லுங்கள்.

படி 5: உள்ளே இருக்கும் நாட்கள்

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த டாக்டர் எப்போது வந்தார், என்ன ஊசி, எந்தப் பரிசோதனை என்று எழுதுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை இடைக்கால பில் கேட்டு வாங்கி நோட்டோடு ஒத்துப் பாருங்கள். பயன்படுத்தாத மருந்து மிஞ்சினால் பார்மசியில் திருப்பிக் கொடுத்து பில்லில் கழித்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டென்ட், மூட்டு, லென்ஸ் வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கரும் இன்வாய்ஸும் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். அது இல்லாமல் கம்பெனி பணம் தராது. ஸ்டென்டுக்கும் முழங்கால் மூட்டு இம்ப்ளான்டுக்கும் 2017 முதல் மத்திய அரசின் உச்ச விலை உண்டு, அதற்கு மேல் வாங்க முடியாது.

படி 6: டிஸ்சார்ஜ்

கடைசி பில் போன மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி ஒப்புதல் தர வேண்டும். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதல் வாடகை போட்டால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். நோயாளி இறந்துவிட்ட நேரங்களில் காத்திருக்கவே வைக்கக் கூடாது. கோரிக்கையை உடனே முடித்து உடலை ஒப்படைக்கச் செய்வது கம்பெனியின் கடமை. இந்த விதியைத் துக்கத்தில் நிற்பவர்களுக்கு யாராவது பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். அதனால் இங்கே எழுதுகிறேன், நீங்கள் அந்த யாராவதாக இருங்கள்.

கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துப் பெயர், வயது, தேதி, நோயின் கால அளவு சரியா என்று பாருங்கள். கையெழுத்தான பிறகு மாற்றுவது கஷ்டம். முழு மருத்துவ ஆவணங்களையும் கேட்கலாம். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி.

படி 7: மறுத்துவிட்டால்

முதலில், எந்தப் பாலிசி விதியின் கீழ் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் உரிமைக்கோரல் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் ஒரு கோரிக்கையை நிராகரிக்க முடியாது. அந்த ஒப்புதல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேஷ்லெஸ் கிடைக்கவில்லை என்பதாலேயே எல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பணம் கட்டி வெளியே வந்து, அசல் பில்களோடு திருப்பிக் கேட்கலாம்.

அதுவும் நடக்காவிட்டால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலும் 155255 எண்ணிலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நடந்ததைத் தேதி வாரியாக எழுதுங்கள், கோபத்தை எழுதாதீர்கள்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் ஆகும் செலவைப் பாலிசி பொதுவாகத் தராது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் கொடுத்தால் மாத்திரை வீட்டுக்கே வரும். இல்லையென்றால், குறைந்த விலையில் மருந்து விற்கும் முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இருக்கின்றன. டாக்டரிடம் மருந்தின் மூலப் பெயரை எழுதித் தரச் சொன்னால் அங்கே வாங்குவது சுலபம்.

பாலிசியைப் புதுப்பிக்கும் தேதியைத் தவற விடாதீர்கள்; தவறி, அதன் பின் கம்பெனி தரும் கூடுதல் அவகாசத்துக்குள்ளும் கட்டாவிட்டால், சேர்த்து வைத்த காத்திருப்புக் காலமெல்லாம் போய்விடும். பாலிசி பிடிக்கவில்லை என்றால் நிறுத்த வேண்டாம், வேறு கம்பெனிக்கு மாற்றுங்கள். போர்ட் செய்தால் கழித்த காத்திருப்புக் காலம் கூடவே வரும். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பம் போக வேண்டும்.

வளையல் கொடுத்த அந்த அம்மாவின் கணவர் அடுத்த வருஷம் மறுபடியும் டெஸ்க்குக்கு வந்தார், யாருக்கும் உடம்பு சரியில்லாமல் அல்ல. ரூம் வாடகை வரம்பில்லாத பாலிசிக்கு மாறப்போவதாகச் சொல்லி, போர்ட் படிவத்தை என்னிடம் நீட்டினார். முந்தைய அறுவை சிகிச்சைகள் என்ற கட்டத்தில் பித்தப்பை என்று எழுதி, தேதி போட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி நகலைப் பின்னால் பின் குத்தியிருந்தார்.